கோயில் வளைவில் எழுதிய ஆண்டு

ஆறாம் படிவத்துக்கு வரலாறு எடுக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்களே, உங்களில் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வந்ததும் வராததுமாக ஒரே கேள்வி. "டீச்சர், கெர்ஜா குர்சுசுக்கு எந்தத் தலைப்பு கொடுத்தா பிரச்சினை வராது?" நான் சிரித்துவிட்டு, முதலில் பசியாறுங்கள் என்றேன். வடை தீர்ந்தது, தேநீர் தீர்ந்தது. கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை என்று ஒருவர் செருப்பு மாட்டும்போது குறைப்பட்டுக்கொண்டார். அவருக்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பிரச்சினை வராத தலைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஈப்போ ரயில் நிலையம் இருக்கிறது. பத்து காஜா போகும் வழியில் பாதியில் நின்றுபோன வெள்ளைக்காரர் மாளிகை இருக்கிறது. ஈயம் தோண்டிய கப்பல் இருக்கிறது. இந்தக் கட்டுரைகள் எல்லாம் மூத்த மாணவர்களின் பென்டிரைவிலிருந்து இளையவர்களின் பென்டிரைவுக்குச் சீதனம் போலக் கைமாறிக்கொண்டே இருக்கும். பெயர் மாறும், அட்டை மாறும், எழுத்துப்பிழை மட்டும் மாறாது. திருத்துகிற நமக்கும் வேலை மிச்சம்.

கெர்ஜா குர்சுஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இதை வேறு யாரும் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாணவரும் தானே தேடிப்போய், ஆட்களைக் கேட்டு, எழுதித் தர வேண்டிய ஆய்வு. எழுதினால் மட்டும் போதாது, வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று பேசிக் காட்ட வேண்டும். அதற்கும் புள்ளி உண்டு. பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் புள்ளி சின்ன விஷயமில்லை.

ஐந்தாம் படிவம் வரைக்கும் நம் பிள்ளைகள் வரலாற்றை எப்படிப் படிக்கிறார்கள்? வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். பதில்கள் நூறு தெரியும், கேள்வி ஒன்றுகூடக் கேட்கத் தெரியாது. அப்படி வந்து சேர்கிற பிள்ளையிடம், "உனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். ஏதோ பொறி வைக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஷர்மிளாவும் அப்படித்தான் முழித்தாள். மூன்றாவது வரிசையில் உட்காரும் அமைதியான பெண். தேதிகளை நினைவில் வைப்பதில் என்னைவிட மோசம். அப்பா இல்லை. அம்மா சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். இருவரும் குனோங் ராபாட்டில், தாய்மாமன் வீட்டு மாடி அறையில் இருந்தார்கள். மாமன் பெயர் மாணிக்கம். ஈப்போவில் ஒரு டயர் கடையில் சூப்பர்வைசர். பத்து காஜாவுக்கு அப்பால், அவர்கள் குடும்பம் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, ஆட்களும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. ஆனால் கோயில் இருக்கிறது, ஆண்டுத் திருவிழாவும் நடக்கிறது. கோயில் கமிட்டித் தலைவர் மாணிக்கம்தான்.

முழித்துக்கொண்டிருந்தவள் ரெண்டு நாள் கழித்து என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், ஒரு கேள்வி இருக்கு. ஆனா அது ஹிஸ்டரியா இல்லையான்னு தெரியல."

"கேளேன்."

"எங்க திருவிழாவுல கரகம் கோயிலச் சுத்தி வரும்லா. அப்புறம் நேரா செம்பனைக்குள்ள போகும். ரொம்ப தூரம். அங்க ஒரு எடத்துல நிக்கும். உறுமி மேளம் நிக்கும். ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்துப் போட்டுட்டு திரும்பி வந்துரும். அங்க ஒண்ணுமே இல்ல டீச்சர். கல்லு இல்ல, செலை இல்ல. வெறும் செம்பனை. ஒண்ணுமே இல்லாத எடத்துல ஏன் நிக்கணும்?"

"வீட்டில் கேட்டாயா?"

"கேட்டேன். அது அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் வகுப்பெடுத்ததில் என்னையே இரவு தூங்கவிடாமல் செய்த கேள்விகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று இது. 'அது அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் தோண்டு என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கே ரயில் நிலையமும் மாளிகையும் அவள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

தோண்டினாள். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தார்கள். சித்தியவானில் மகன் வீட்டில் இருந்த கோவிந்தன் என்ற பெரியவர் ஒருவர் மட்டும் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர். அம்மாவோடு பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தாள். அவர் பேச ஆசைப்பட்டார், ஆனால் ஞாபகம் அவருக்கு நன்றாக விளையாட்டுக் காட்டியது. முதல் தடவை, ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது என்றார். இரண்டாம் தடவை, ஜப்பான்காரன் போனபிறகு என்றார். மூன்றாம் தடவை போனபோது ஷர்மிளாவையே அவள் அம்மா என்று நினைத்துக்கொண்டு கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆனால் மூன்று தடவையும் மாறாத ஒன்று இருந்தது.

"செம்பனைக்குள்ள போறீங்கள்ல, அங்கதாம்மா எங்க லயம். அங்கதான் மாரியம்மாவும் இருந்தா. பட்டாளத்துக்காரன் வந்து எல்லாத்தையும் கலச்சுவுட்டு, மெயின் ரோட்டோரமா கம்பிவேலி போட்டு உள்ள வெச்சான். நாங்க அம்மாவையும் தூக்கிக்கிட்டு வந்தோம். அவள வேலிக்கு வெளிய வுட்டுட்டு வர முடியுமா?"

கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலத்தில் லயங்களை, அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளைக் கலைத்து, ஆட்களைச் சாலையோரமாக வேலிக்குள் கொண்டுவந்தது நம் பாடத்தில் ஒரு வரியாக வருகிறது. ஷர்மிளா அந்த வரியைச் சோதனைக்காக எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். அது தன் வீட்டுக் கரகத்தைப் பற்றிய வரி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கரகம் அம்மனின் பழைய வீட்டுக்குப் போய், நின்று, திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. போகிறவர்களுக்குக் காரணம் மறந்துவிட்டது, வழி மட்டும் மறக்கவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.

ஆனால் ஒரு சிக்கல். கோயில் வாசலில் சிமெண்டில் ஒரு வளைவு இருக்கிறது. அதில் கோயிலின் பெயரும், இவ்விடத்தில் தோற்றம் என்று போட்டு ஓர் ஆண்டும் எழுதியிருக்கிறது. அவசரகாலத்துக்கு எத்தனையோ முந்திய ஆண்டு. கோவிந்தன் சொல்வது சரியென்றால் கோயில் அந்த ஆண்டில் அந்த இடத்தில் இருந்திருக்க முடியாது. ஷர்மிளா இதையும் தன் வரைவில் எழுதினாள். அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அம்மா பெருமையாக அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மாணிக்கம், கமிட்டி ஆட்கள் இருவரோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

நான் ஆசிரியர் அறையில் இருந்தேன். மனுஷர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டீச்சர், நான் படிக்காதவன். ஒங்க பாடத்துல தலையிட வரல. தோட்டத்த வித்துட்டாங்க. தாமான் கட்டி வீடு விக்கப் போறாங்க. கோயில அந்தக் கோடியில கொண்டுபோய் வெச்சுக்கன்னு கம்பெனிக்காரன் சொல்றான். தோட்டம் தொறந்த நாள்லேருந்து நாங்க இதே எடத்துலதான் இருக்கோம்னு எழுதிக் குடுத்துருக்கோம். இப்ப எங்க வீட்டுப் புள்ளையே, கோயிலு இடம் மாறி வந்ததுன்னு எழுதுனா அவன் என்ன சொல்லுவான்? ஏற்கெனவே ஒருக்கா மாறுன கோயில்தானே, இன்னொருக்கா மாறுனா என்னன்னு கேப்பான்லா?"

"ஆய்வு பள்ளிக்குள்தான் இருக்கும், அண்ணே. வெளியே போகாது."

"வாட்சாப்பு இருக்கே டீச்சர்."

அவர் பயம் நியாயமானது. 'உண்மையை எழுதுவதற்கு யாருக்கும் அஞ்சக் கூடாது' என்று வகுப்பில் முழங்குவது எளிது. அந்த உண்மைக்காகக் கோயிலை இழக்கப்போவது முழங்குகிறவர் அல்லவே.

"அந்த வளைவில் இருக்கும் ஆண்டு எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேட்டேன். வாய் சும்மா இருக்காது.

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீங்க டவுன்காரங்க, ஒங்களுக்குத் தோட்டம் தெரியாது," என்று எழுந்துவிட்டார். போகும்போது, "தலைப்ப மாத்தச் சொல்லுங்க டீச்சர், கேட்டுக்கறேன்," என்றார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தலைப்பை மாற்றச் சொல்லலாம். ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்கி முடிக்கும் அவகாசம் இல்லை, பிள்ளையின் புள்ளி போகும். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது, அவளுக்கும் எனக்கும் தவிர. அல்லது, எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தோள்தட்டலாம். தட்டிவிட்டு நான் ஈப்போவில் என் சொந்த வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். அவள் குனோங் ராபாட்டில் மாமன் வீட்டு மாடிப்படி ஏற வேண்டும்.

ஏறத்தான் வேண்டியிருந்தது. மாமன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஒரு மனுஷர் வாய் திறக்காமல் சோறு தின்று எழுந்து போனால் அந்த வீடு என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாரக் கடைசியில் ஷர்மிளா என் மேசை முன் வந்து நின்றாள்.

"மாத்திடலாம் டீச்சர். அம்மா அழுவுறாங்க. எனக்கு இந்த மார்க் வேணும்தான். ஆனா வீடும் வேணும்லா."

அவளுக்கு வயது பதினெட்டு. நான் அவளிடம் வீரவசனம் எதுவும் பேசவில்லை. அதே சமயம் சரி என்றும் சொல்ல மனம் வரவில்லை. "இன்றைக்கு முடிவெடுக்காதே, திங்கட்கிழமை வா" என்று அனுப்பிவிட்டு, ஆறாம் படிவத்துக்குப் பொறுப்பான துணைத்தலைமையாசிரியையிடம் போனேன். மலாய்க்காரர். என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர், முன்பு அவரும் வரலாறுதான் எடுத்தார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் திட்டுவார். நடந்ததை எல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன். உண்மை, கோயில், புள்ளி, வீடு, அந்த அம்மாவின் அழுகை. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பெண் இன்னும் யாரைக் கேட்கவில்லை?"

அவ்வளவுதான். போய் வேலையைப் பார் என்பதுபோல மறுபடியும் பேனாவைத் திறந்துவிட்டார்.

படிக்கட்டு இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பேருந்து ஏறிச் சித்தியவான் வரைக்கும் போய்க் கேட்டாள். அடுத்த அறையில் இருக்கும் மாமனைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டாள். நம் வீடுகளில் தாய்மாமன் என்றால் சும்மாவா? அவர் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். திருப்பி ஒரு 'ஏன்' போட்டால் வாய் நீண்டுவிட்டது என்பார்கள். கமிட்டித் தலைவரைப் பேட்டி எடுக்காமல் கோயிலின் வரலாறு எழுத ஒரு தமிழ்ப் பிள்ளையால்தான் முடியும். அவளுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, மரியாதையாகத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அந்த நிமிடம் வரை அது கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். "மாற்றுவதென்றால் மாற்று. ஆய்வு உன்னுடையது. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளைக் கேட்டுவிடு."

யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னன்னு கேக்கறது டீச்சர்? அந்த வருஷம் ஏன் தப்பா இருக்குன்னா?"

"அப்படிக் கேட்டால் அது போலீஸ் விசாரணை. உனக்கு உண்மையிலேயே என்ன தெரிய வேண்டும்?"

நிறைய நேரம் யோசித்தாள். கடைசியில், "வளைவு கட்டுன நாளு எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்," என்றாள். அதையே கேள் என்றேன். நம் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஏதாவது ஒன்று உண்டென்றால் இதுதான். ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கேள்விக்கு வாய் பூட்டிக்கொள்ளும். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டால் எப்பேர்ப்பட்ட கல்லும் கொஞ்சம் இளகும்.

மாணிக்கம் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவார். அந்த வெள்ளி நானும் வாரேன் மாமா என்று வேனில் ஏறியிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வளைவுக்குக் கீழே, வேனை நிறுத்தியபிறகு, ரெகார்டு பண்ணலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கைபேசியைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். முதலில் காக்கைச் சத்தம். பிறகு சாலையில் லாரிகள். பிறகுதான் அவர் குரல்.

"கும்பாபிஷேகத்துக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. வளைவு கட்டியாச்சு. எழுதறவரு ஏணியில நின்னுகிட்டு, தம்பி, வருஷம் என்ன போடறதுன்னு கேக்கறாரு. கமிட்டியில ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தரு எங்கப்பா காலம்ங்கறாரு, இன்னொருத்தரு அதுக்கும் முந்திங்கறாரு. பள்ளிக்கூடத்து வாசல்ல வருஷம் இருக்கு. மரத்துப் பாலக் கொண்டாந்து ஊத்துற ஸ்டோருக்கு இருக்கு. தொர பங்களா படிக்கட்டுல கூட இருக்கு. நம்ம கோயிலுக்கு மட்டும் இல்ல. எனக்கு அப்போ ஒன் வயசுதான் இருக்கும். மோட்டார்சைக்கிள எடுத்துக்கிட்டு ஸ்டோருக்குப் போனேன். நெத்தியில எழுதியிருந்ததப் பாத்துட்டு வந்து, அதையே போடுங்கண்ணேன்னு சொன்னேன்."

"ஏன் மாமா அத?"

"தோட்டம் தொறந்தன்னிக்கு நம்ம ஆளுங்க வந்தாங்க. ஆளு வந்தா சாமியும் வந்திருக்கும்லா. கூட்டிப் பாரு, சரியா வரும்."

கொஞ்ச நேரம் மறுபடியும் லாரிகள். பிறகு அவள் குரல், சன்னமாக. "இத நான் எழுதலாமா மாமா?"

மறுபடியும் காக்கை. "வண்டில ஏறு, இருட்டப் போவுது." அத்தோடு பதிவு முடிந்தது.

எனக்கு அந்த மனுஷர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. முட்டாள்தனமான கணக்கு என்று யாராவது சிரித்தால் நான் சண்டைக்கு வருவேன். ஆள் வந்தால் சாமியும் வந்திருக்கும் என்பது நல்ல ஊகம். பெரிய படிப்பு படித்தவர்களும் புத்தகம் புத்தகமாக இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஊகம் ஊகம்தான், அதைச் சிமெண்டில் எழுதினால் ஆதாரமாகிவிடாது. தோட்டத்தில் கம்பெனிக்காரன் கட்டியதற்கெல்லாம் வயது இருந்தது. கூலிக்காரன் கும்பிட்டதற்கு மட்டும் இல்லை. இல்லாததை, பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் மோட்டாரில் போய், இருந்தவனிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"எழுதலாமா டீச்சர்?" என்றாள்.

"அவர் சரி என்று சொன்னாரா?"

"சொல்லல."

"அப்போது எழுதக் கூடாது."

இளம் ஆசிரியர்களே, இந்த இடத்தில் எனக்கும் கை அரித்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பதிவு தங்கம். அதைச் சேர்த்தால் அந்த ஆய்வுக்கு முழுப் புள்ளி. ஆனால் வாயைத் திறந்து பேசியவரின் சம்மதம் இல்லாமல் அவர் பேச்சை எடுப்பது பேட்டி ஆகாது. ஷர்மிளாவும் வாதாடவில்லை. தலைப்பையும் மாற்றவில்லை. அம்மன் இடம் மாறி வந்ததையும், கரகம் பழைய இடத்துக்குப் போவதையும், கோவிந்தன் எங்கெங்கே முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னார் என்பதையும் எழுதினாள். வளைவில் உள்ள ஆண்டைப் பற்றி, 'அது எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஆய்வில் எழுத இயலவில்லை' என்று ஒரு வரி. எதையும் வெட்டவில்லை, எதையும் திருடவும் இல்லை. எப்படி இந்தப் பெண்ணுக்கு இது தோன்றியது என்று வியந்துபோனேன்.

அந்தக் கம்பெனிக்காரனோடு பேச்சுவார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது பல மாதம் கழித்து நடந்தது, ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் கோயிலின் வயதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லையாம். திருவிழாவுக்கு வருகிற கார்களை எங்கே நிறுத்துவீர்கள், மழைநீர் எந்த வடிகாலில் போகும், இதையே மணிக்கணக்காகக் கேட்டார்களாம். கோயில் அதே இடத்தில் இருக்கிறது, வளாகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஆனால் நான் சொல்லவந்த நாளில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. மாணிக்கத்தின் பயம் அப்படியே இருந்தது.

ஷர்மிளா வகுப்பில் பேசும் நாள் வந்தது. புள்ளி போட நானும் துணைத்தலைமையாசிரியையும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் தொடங்கப்போகும் நேரத்தில் கதவு திறந்தது. மாணிக்கம். டயர் கடைச் சட்டையோடு. அவள் அம்மா நாளைச் சொல்லியிருக்க வேண்டும், எதற்கு வந்தார் என்றுதான் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியைக் காட்டினேன். முட்டி இடிக்க உட்கார்ந்தார்.

அவள் மலாயில் பேசினாள். முதலில் தாளைப் பார்த்துப் படித்தாள். கரகம் செம்பனைக்குள் போய் நிற்கும் இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லாரும் அந்த எலுமிச்சம்பழம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்ததும் கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு சீனப் பையன், எதையும் லேசில் விடமாட்டான். கையைத் தூக்கினான்.

"அப்படியென்றால் வளைவில் இருக்கும் ஆண்டு பொய்தானே? யார் எழுதினது?"

ஷர்மிளாவுக்குப் பதில் தெரியும் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அவள், நான், கடைசி வரிசையில் அவர். கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் புள்ளி குறையும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"என்னால் சொல்ல முடியாது," என்றாள்.

"தெரியாதா, சொல்ல முடியாதா?" அவன் விடவில்லை. நல்ல மாணவன், நல்ல கேள்வி. நான்தான் அவனுக்கு அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தேன்.

"சொல்ல முடியாது."

நான் குறுக்கே புகுந்து, நேரமாகிவிட்டது, அடுத்தவர் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்காமலே மேசைக்கடியில் என் கையை அழுத்தினார். பேசாமல் இருந்தேன். இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தவளுக்கு அதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை.

பின்னால் நாற்காலி உராயும் சத்தம் கேட்டது.

"நான்தான்," என்றார் மாணிக்கம். எழுந்து நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "அந்த வருஷத்த நான்தான் போடச் சொன்னேன்."

பிறகு தமக்குத் தெரிந்த சந்தை மலாயில், ஏணியில் நின்றவரையும், மோட்டாரையும், ஸ்டோரின் நெற்றியையும் சொன்னார். எதையும் மென்று முழுங்கவில்லை. அந்தப் பையனைப் பார்த்து, "பொய் சொல்லணும்னு செய்யல, தம்பி. எங்ககிட்ட வருஷம் இல்ல. எல்லாத்துக்கும் இருந்துச்சு, எங்களுக்கு மட்டும் இல்ல. அதான்," என்றார். பையன் மெதுவாகத் தலையாட்டிவிட்டு, "தெரிமா காசே, அங்கிள்," என்று நன்றி சொல்லி உட்கார்ந்தான். துணைத்தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

பிரச்சினை வராத தலைப்பு கேட்டீர்களே. பிரச்சினை வரட்டும், விடுங்கள். வரும்போது உங்களுக்கு முடிவு தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண் மாமனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் எழுந்து நின்றதும் என் சாமர்த்தியம் இல்லை. நான் செய்ததெல்லாம் கேட்காமல் விட்ட ஆளைக் கேட்க அனுப்பியதும், கடைசியில் வாயை மூடிக்கொண்டதும்தான்.

வகுப்பு முடிந்து நடைவழியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஷர்மிளா புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் போவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர மூன்று வாரமாக அவளிடம் பேசாத மனுஷர். நான் கதவோரத்தில் நின்று, கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன அங்கயே நிக்கிற? வா, வீட்டுக்குப் போலாம். ஒங்கம்மா சோறாக்கி வெச்சுருக்கா." சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்சம் நடந்தவர், திரும்பிப் பார்த்தார். "சாப்ட்டுட்டு அந்த ரெகார்டரப் போடு. ஒருத்தரும் எங்கிட்ட கேக்காதது இன்னும் நெறைய இருக்கு."